கம்பில் நீங்கள் கீறிய பதினொரு கோடுகள்

சுண்ணாம்பு அடிக்க வந்தவர்கள் அலமாரியை நகர்த்தியபோது என் பழைய அளவுக்கம்பு சரிந்து விழுந்தது. நான் பூசிய சிவப்பும் வெள்ளையும் உதிர்ந்துவிட்டன. நீங்கள் மடக்குக் கத்தியால் கீறிய கோடுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. பதினொன்று. சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினேன். என் குணம் உங்களுக்குத் தெரியுமே, அண்ணே. நீங்கள் கண்ணை மூடி இரண்டு பங்குனி ஆகியும் அது மாறவில்லை.

அந்தக் கம்பால் நான் தண்ணீர் அளந்தது, உசிலம்பட்டிச் சாலைக்கு ஜல்லி எடுத்துக் கைவிட்ட கல்குழியில். பாதியை மண் கொட்டி நிரவி, அங்கே கல் உடைத்தவர்களுக்கே வயலாகப் பிரித்துக் கொடுத்தார்கள். மீதிப் பாதியில் மழைத்தண்ணீர் நின்றது. அதற்கு ஒரு மடை; மடையைக் கவனிக்கும் ஓவர்சியர் நான். மடைக்குக் கீழே முதல் வயல் உங்களுடையது.

அந்த வருஷம் உங்கள் சோளம் கதிர் வாங்கும் நேரத்தில் மழை நின்றுபோயிற்று. குழியில் கோரைக்கு நடுவே ஒரு முக்குளிப்பான், தண்ணீரில் முங்கி இரை தேடும் சின்னப் பறவை, மிதக்கும் கூடு கட்டியிருந்தது. தண்ணீர் சட்டென்று வடிந்தால் கூடு சேற்றில் தட்டிவிடும். நரி நடந்தே போய் முட்டையைத் தின்றுவிடும். பறவைப் பிரியரான என் மேலதிகாரி, கூட்டில் பறவை இருக்கும்வரை மடையைத் திறக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்.

தினமும் காலை ஏழு மணிக்கு வந்து பார்த்தேன். ஒன்பது நாளும் நோட்டில் ஒரே வரி: பறவை இல்லை, கூட்டில் அழுகிய பாசி மட்டும். பத்தாம் நாள், கூடு கைவிடப்பட்டது என்று எழுதி அனுப்பிவிட்டு மடையைத் திறக்கச் சொன்னேன். உங்கள் வீட்டம்மா மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றார்.

மதியத்துக்குள் நீங்களே மடையை அடைத்துவிட்டு, ஈர வேட்டியோடு என் கொட்டகைக்கு வந்தீர்கள்.

"ஓவர்சியரய்யா, கூட்டுல அஞ்சு முட்டை இருக்கு. பாசிக்கு அடியில கதகதன்னு இருக்கு."

"ஒம்பது நாள் பாத்தேனே, அண்ணே."

"நீங்க ஏழு மணிக்கு டக்கு டக்குன்னு கம்பை ஊண்டிக்கிட்டு வாரீக. சத்தங் கேட்டதும் அது முட்டையப் பாசியால போத்திட்டு முங்கிருது. நீங்க போன பொறகு வந்து ஒக்காருது."

நான் நோட்டைப் புரட்டினேன். நீங்கள் தரையைப் பார்த்தபடி சொன்னீர்கள்: "எனக்கு நாலு நாளாத் தெரியும். சோளத்தப் பாத்துச் சொல்லாம இருந்துட்டேன். தண்ணி வடியவும் கூடு ஒருபக்கமாச் சாஞ்சிருச்சு. மனசு கேக்கல."

வாய்க்காலில் இருந்து உங்கள் வீட்டம்மாவின் குரல் வந்தது: "ரெண்டு பேரும் பறவைக்குப் பேறுகாலம் பாத்துட்டு வாங்க. இங்க சோளம் கருகட்டும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நீங்கள்தான் யோசித்துச் சொன்னீர்கள்: "கூடு மெதக்குதுல்ல? மெதுவா வடிஞ்சா அதுவும் மெதுவா எறங்கும்." என் கம்பை வாங்கி, விரலை வைத்து அளந்து கோடு கீறினீர்கள். ஒரு நாளைக்கு ஒரு கோடு, ஒரு விரல் தண்ணீர். கோட்டைத் தொட்டதும் மடையை அடைத்துவிட வேண்டும்.

என் தவறை ஒப்புக்கொண்டு மேலே எழுதினேன். நான்கு முறை கிழித்து எழுதிய கடிதம். ஆனால் பதில் வரும்வரை காத்திருக்கவில்லை. உத்தியோகத்தில் நான் கேட்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான்.

மேற்கு மூலைச் சோளம் கருகித்தான் போயிற்று. மற்றது பால் பிடித்தது. பதினோராவது கோட்டைத் தண்ணீர் தொட்ட மறுநாள், தாயின் முதுகில் குஞ்சுகள் தலையை நீட்டிக்கொண்டு போவதை முதலில் கண்டவர் உங்கள் வீட்டம்மா. "எஞ் சோளத்துத் தண்ணியில வளந்ததுக. திமிரப் பாருங்க" என்றார். சொல்லிவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார்.

நேற்று அந்தக் கம்போடு கல்குழிக்குப் போனேன். பழக்கதோஷம், மணி ஏழுதான். கரையில் உட்கார்ந்து அசையாமல் காத்திருந்தேன். அரைமணி கழித்துக் கோரைக்குள்ளிருந்து ஒரு முக்குளிப்பான் வந்து, பாசியை அலகால் விலக்கிவிட்டுக் கூட்டில் ஏறி உட்கார்ந்தது. அதன் பிறகே நோட்டைத் திறந்தேன்.

திரும்பும்போதும் கம்பை ஊன்றவில்லை, அண்ணே. தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன்.