பீரோவில் இருக்கும் மயில்கழுத்து

ஸ்ரீரங்கம்,
புரட்டாசி 24

அன்பு மகள் சுபஸ்ரீக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல். போனில் நாம் இருவரும் சாப்பிட்டாயா என்பதைத் தாண்டுவதில்லை. அதற்குள் போன் அம்மா கைக்குப் போய்விடுகிறது. அதனால் கடிதம்.

வலது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து பதினெட்டு நாள். வலி இல்லை. கட்டு அவிழ்த்ததும் முதலில் தெரிந்தது உன் அம்மா. இவ்வளவு நரையா என்றேன். அன்றைக்கு வெறும் ரசம்தான்.

அடுத்தது வீட்டுச் சுவர். சந்தனக் கலர் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். சுத்த வெள்ளை. இப்போதும் வலது கண்ணை மூடினால் சந்தனம், இடதை மூடினால் வெள்ளை. தெருவில் போகும்போதும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டே போகிறேன். இந்த வயசில் யாரைப் பார்த்துக் கண்ணடிக்கிறீர்கள் என்கிறாள் அம்மா.

டாக்டர் சின்னப் பெண். லென்ஸில் புரதம் நெருக்கமாக, ஒழுங்காக இருக்குமாம். வெளிச்சம் அதனால்தான் நேராகப் போகிறது. வயசானால் மடிப்புக் கலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிறது. பழுப்பேறுகிறது. நீலம் உள்ளே வருவதில்லை. வெள்ளைக்கரு வேகிற மாதிரி என்றாள். டாக்டரம்மா, புரட்டாசி மாசத்தில் முட்டைப் பேச்சு வேண்டாமே என்றேன். சரி, உங்கள் கடையில் வாடிக்கையாளர் பிரித்துப் போட்ட துணிக் குவியல் மாதிரி என்றாள். அது புரிந்தது.

மடித்து வைக்க ஆள் கிடையாதா என்று கேட்டேன். நம் கடையில் துணி மடிக்கிற செல்லக்கிளியின் ஞாபகம். மடிக்கிற ஆள் இல்லை, தாங்குகிற ஆள் உண்டாம். கலையப்போகிற புரதத்தைப் பிடித்துக்கொண்டு, ஒட்டவிடாமல் காப்பதற்கென்றே இன்னொரு புரதம். யாருக்கும் தெரியாமல் வேலை பார்க்குமாம். அது தீர்ந்த பிறகுதான் கண் மங்குகிறது.

நேற்று கடைக்குப் போனேன். திருவானைக்காவல் அம்மா ஒருவர் ஊதாப் புடவையோடு, அதற்கு மேட்ச் பிளவுஸ் துணி கேட்டு வந்தார். நம் கடையில் யாரும் பிட்டை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போகக் கூடாது, என் கண் போதும் என்பது உனக்குத் தெரிந்த சட்டம். பிளவுஸ் பிட்டைக் கிழித்துச் செல்லக்கிளியிடம் கொடுத்தேன். அவள் புடவையைப் பார்த்தாள். பிட்டைப் பார்த்தாள். முதலாளி, சரியா எடுத்திருக்கீங்களே என்று கத்திவிட்டாள்.

பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

விடாமல் கேட்டதும் பாக்கிங் மேஜைக்குக் கீழிருந்து ஒரு பெட்டியை இழுத்தாள். நான் தப்பாக எடுத்ததெல்லாம் அதில். பச்சைக்கு நீலம், நீலத்துக்குப் பச்சை, ஊதாவுக்கு ஒரு பழுப்பு, அதை நான் எந்தக் கண்ணோடு எடுத்தேனோ. கவரில் போடும்போது சரியானதாக மாற்றியிருக்கிறாள். நான்கு வருஷம். ஒருவரும் திரும்பி வரவில்லையே, நம் கண் அப்படி என்று காலரைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

யாரைக் கேட்டுச் செய்தாய் என்று அதட்டினேன். மடித்த துணியையே மறுபடி மடித்தாள். அப்புறம் சொன்னாள். அக்காதான் சொன்னாங்க, முதலாளி. கல்யாணம் முடிஞ்சு கிளம்புறப்போ. அப்பாவுக்கு நீலம் தெரியலை, சொன்னா தாங்க மாட்டார், நீ பாத்துக்கன்னு.

உன் கல்யாணப் புடவைக்கு மயில்கழுத்து என்று நான் எடுத்த பிட்டைப் பச்சை என்றாய். முப்பது வருஷமாக மேட்சிங் சென்டர் நடத்துகிறவனுக்கு நீ கலர் சொல்லித் தருகிறாயா என்று தெருவே கேட்கக் கத்தினேன். நீ வேறு துணியில் தைத்துக்கொண்டாய். உன் கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் நான் வேறு பக்கம் பார்க்கிறேன்.

அந்தப் பிட் பீரோவில்தான் இருந்தது. இன்று காலை வாசல் வெயிலுக்கு எடுத்துப்போனேன். ஆமாம், வாசலுக்கு. இடது கண்ணால் மயில்கழுத்து. வலது கண்ணால் பார்த்ததை எழுத வரவில்லை.

இடது கண்ணுக்கு ஐப்பசி ஐந்தாம் தேதி. கூட ஒருவர் இருந்தால் போதும், அம்மா இருக்கிறாள். நீ சிரமப்பட்டு வர வேண்டியதில்லை. புனேயிலிருந்து டிக்கெட் கிடைத்தால் பார். வந்தால் கல்யாணப் புடவையையும் கொண்டு வா. பிட் நான் எடுக்கிறேன். வாசலில் வைத்து நீ பார். நீ சொல்வதுதான் கலர்.

உன் கண் என்றும் கலங்காமல் அரங்கன் காக்கட்டும்.

அப்பா,
அழகிரி