கையெழுத்து மட்டும் போட்ட தாள்கள்

மிச்சம்,
லண்டன்,
12 யூலை 1992

அன்புள்ள மச்சாளுக்கு,

என் குரலைக் கேட்டதும் போனை வைத்துவிடுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன். சுகம் விசாரிப்பதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்வோம்.

நேற்றுச் சனிக்கிழமை நகரசபைக் கவுன்சில் அறையில் துஷாந்தியைப் பார்த்தேன். எனக்குத் தருவது ஒரு மணித்தியாலம். அதில் முக்கால்வாசி நேரம் என் மகள் கதிரையில் சரிந்து நித்திரை கொண்டாள். நான் கொண்டுபோன ரொட்டி வாயில் இருந்தபடியே தூங்கினாள். கன்னம் ஊதியிருக்கிறது, கை நடுங்குகிறது. "அம்மா, நாக்குப் பாரமாக் கிடக்கு" என்றாள். உங்கள் தம்பி உயிரோடு இருந்த காலத்தில் ஒரு நிமிடம் வாய் மூடாத பிள்ளை இவள். உங்கள் வீட்டில் அவளுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று ஏப்ரலில் கேட்டபோது சத்து மாத்திரை என்றீர்கள்.

வெள்ளிக்கிழமை அரசாங்கத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கீழே கடை வைத்திருக்கும் றோஸ்மலர் வாசித்துத் தமிழில் சொன்னார். கவுன்சில் பொறுப்பில் வளர்ப்பு வீடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு யார் கேட்டு, யார் சம்மதித்து மனநோய் மருந்து கொடுக்கிறார்கள் என்று பார்க்க இரண்டு பரிசோதகர்களை அனுப்பியிருக்கிறார்களாம். ஒவ்வொரு ஃபைலாகத் திறக்கிறார்கள். எங்கள் பிள்ளையின் ஃபைலும் திறந்தாகிவிட்டது. அதிலிருந்த ஒரு கடிதத்தைக் கொப்பி எடுத்து அனுப்பி, இது உன்னுடையதா என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். மார்ச் 9ஆம் திகதி நான் எழுதினதாம்: "இவளை என்னால் சமாளிக்க முடியாது. மருந்தைத் தொடரவும்." கீழே என் கையெழுத்து.

செப்டம்பரில் கோர்ட் கூடுகிறது, பிள்ளையை எனக்குத் தருவதா இல்லையா என்று. இந்தத் தாளை வாசித்த பிறகு எந்த நீதவான் தருவார்? இதை எழுதியது யார் மச்சாள்?

தவநாயகி


கிங்ஸ்பரி,
16 யூலை 1992

தவநாயகிக்கு,

உம்முடைய கடிதத்தைக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தேன், நன்றி என்ற சொல் எங்கேயாவது ஒளிந்திருக்குமோ என்று.

நீர் காசநோயோடு ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் கிடந்தபோது உம்முடைய மகளைக் கூட்டிக்கொண்டு போகக் கவுன்சில்காரர் வாசலில் நின்றார்கள். "என்ர தம்பி பாலேந்திராவின்ர பிள்ளை, நான் பாக்கிறன்" என்று மறித்தவள் நான். வளர்ப்புத் தாய்க்குரிய வகுப்புகளில் ஐம்பத்திரண்டு வயதில் போய்க் குந்தியிருந்தேன், வெள்ளைக்காரப் பெட்டைகளுக்கு நடுவில். நவம்பரில் உம்முடைய மகள் பள்ளிக்கூட வாசலில் என் கையை உதறிவிட்டு ஓடுகிற பஸ்ஸுக்கு முன்னால் பாய்ந்தாள். ஒரு தரமல்ல, மூன்று தரம். வீட்டில் கடித்தாள், கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரி பொலிசைக் கூப்பிட்டாள். டொக்டர் மருந்து தந்தார், தாயின் சம்மதம் வேண்டும் என்றார். தாய் எங்கே? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டிருந்தீர்.

அந்த வெறும் தாள்களை எனக்கு யார் தந்தது? நீரே என் சாப்பாட்டு மேசையில் இருந்து, வரிசையாகக் கையெழுத்து வைத்துத் தந்தீர். இப்போது நான் கள்ளியோ?

பரிசோதகர் கேட்டால் "ஓம், நான்தான் எழுதச் சொன்னனான்" என்று சொல்லும். இல்லையென்றால் என் வளர்ப்புத் தாய் அனுமதியைப் பறிப்பார்கள். உம்மிடமும் உடனே தரமாட்டார்கள். முன்பின் தெரியாத வீட்டுக்குப் போவாள், தமிழில் தண்ணீர் கேட்டாலும் விளங்காத வீட்டுக்கு. நன்றாக யோசியும்.

சிவனேஸ்வரி


மிச்சம்,
20 யூலை 1992

மச்சாளுக்கு,

ஓம், தந்தேன். ஏழு தாள்கள். எங்கள் ஆட்களில் யார்தான் தரவில்லை? உங்கள் மேசை லாச்சிக்குள் அரை யாழ்ப்பாணத்தின் கையெழுத்துக் கிடந்தது. அகதி மனுவுக்காக ஹோம் ஒபிசுக்கு, பெனிபிட் காசுக்கு, வீட்டுக்காரனுக்கு என்று ஒவ்வொரு கடிதத்துக்கும் ஷிப்டை விட்டுவிட்டுக் கிங்ஸ்பரிக்கு வர யாருக்கு ஏலும்? "அடியிலை கையெழுத்து வைச்சுத் தாரும், மேலை நான் நிரப்புறன்" என்பீர்கள். என் அகதி வழக்கை நீங்கள் எழுதி வென்று தந்ததும் அப்படியொரு தாளில்தான். அதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் உங்களை வெறுப்பது லேசாக இருந்திருக்கும்.

நவம்பரில் நான் ஆஸ்பத்திரியில் கிடக்க நீங்கள் நிரப்பின தாளுக்கு நான் கோபிக்கவில்லை. மார்ச் எதற்கு? பெப்ரவரியிலேயே சுகமாகி நான் மிச்சம் வீட்டுக்கு வந்துவிட்டேன். கீழே கடையில் போன் இருக்கிறது, நம்பரும் உங்களிடம் இருக்கிறது. மார்ச் 7 சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிவந்தது நீங்கள். என் கையில் வடைப் பார்சல் வைத்தீர்கள். "இந்தக் குளிருக்கு உந்தச் சட்டை காணுமோ?" என்று கேட்டீர்கள். இரண்டு நாள் கழித்து, என் பிள்ளையை எனக்குச் சமாளிக்க முடியாது என்று என் பெயரில் எழுதினீர்கள். அந்த வடையை நானும் தின்றேன்.

31ஆம் திகதி பரிசோதகர்கள் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். றோஸ்மலர் மொழிபெயர்க்க வருகிறார். நடந்ததைச் சொல்வேன். அவர்கள் நம்பாமல் விடலாம், கையெழுத்து என்னுடையதுதானே. மீதித் தாள்களை உடனே அனுப்புங்கள்.

தவநாயகி


கிங்ஸ்பரி,
24 யூலை 1992

தவநாயகிக்கு,

மீதி மூன்றும் இதற்குள் இருக்கின்றன. எண்ணிப் பாரும், என்னை நம்பவேண்டாம்.

நாலாவதாக ஒரு தாள் இருக்கும். அது என்னுடையது. அடியில் என் கையெழுத்து, மேலே ஒன்றுமில்லை. உமக்கு வேண்டியதை நிரப்பிக்கொள்ளும். கள்ளி, பேய், பிள்ளையைக் கெடுத்தவள், எதை எழுதினாலும் சரி. பரிசோதகர் கேட்டால் "ஓம், என்ர கையெழுத்துத்தான்" என்பேன். அதோடு உமக்கும் எனக்கும் சரிக்குச் சரி.

ஆனால் மார்ச்சில் ஏன் என்று மட்டும் என்னைக் கேட்கவேண்டாம். பிள்ளையில்லாத வீட்டில் இருபத்தைந்து வருடம் இருந்து பார்த்தவர் யாராவது வந்து கேட்கட்டும்.

சிவனேஸ்வரி


மிச்சம்,
27 யூலை 1992

மச்சாளுக்கு,

என்னுடைய மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

உங்களுடையதை நிரப்பவில்லை. நான் நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள். நேற்று முழுக்க அதை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தேன். இங்கிலீஷில் என்ன எழுதவேண்டும் என்று றோஸ்மலருக்கு ஒவ்வொரு வசனமாகச் சொல்லவும் தொடங்கினேன். அவ பேனையை மூடிவிட்டு, "அவ செய்ததை நீங்களும் செய்யப் போறியளோ?" என்று கேட்டா. எனக்கு வந்த கோபத்தில் அவவையும் ஏசிவிட்டேன்.

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். உங்கள் கையெழுத்துக்கு மேலே நீங்களே எழுதுங்கள். விருப்பமில்லாவிட்டால் வெறும் தாளாகக் கிடக்கட்டும், நான் ஒன்றுமில்லாமலே அவர்கள் முன்னால் போய் இருப்பேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவள் ஏன் ஓடினாள்? பாய்ந்தாள், கடித்தாள், கத்தினாள் என்று எல்லோரும் எழுதி வைத்திருக்கிறீர்கள். ஏன் என்று ஒருவரும் எழுதவில்லை. என் பிள்ளை காரணமில்லாமல் பஸ்ஸுக்கு முன்னால் பாய்கிற பிள்ளையல்ல.

தவநாயகி


கிங்ஸ்பரி,
29 யூலை 1992

தவநாயகிக்கு,

அதே தாள்தான். முன்பக்கத்தில் பரிசோதகர்களுக்கு இங்கிலீஷில் எழுதி மறுபடியும் கையெழுத்து வைத்திருக்கிறேன். பின்பக்கம் உமக்கு. இரண்டிலும் இருப்பது ஒன்றுதான், றோஸ்மலரைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளும்.

மார்ச்சில் டொக்டர், பிள்ளை இப்போது அமைதியாக இருக்கிறாள், மருந்தைக் குறைத்துப் பார்க்கலாம், தாயைக் கேளுங்கள் என்றார். நான் உம்மைக் கேட்கவில்லை. நீர் ஓம் என்றுதான் சொல்வீர் என்று தெரியும். குறைத்தால் அவள் உம்மைத் தேடுவாள் என்றும் தெரியும். அந்த மயக்கத்தில் அவள் என்னை இரண்டு மூன்று தரம் அம்மா என்று கூப்பிட்டாள். அதற்காகத்தான் அந்தத் தாளை நிரப்பினேன்.

ஏன் ஓடினாள் என்று கேட்டீர். அது 183ஆம் நம்பர் பஸ். உம்மைக் கண்ணாடிக்குள்ளால் காட்ட ஒரு முறை அதில்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பிறகு அந்த நம்பரை எங்கே கண்டாலும் மறித்து ஏற ஓடுவாள். மூன்று தரமும் அந்த பஸ்தான். எனக்கு முதல் நாளே விளங்கியது. டொக்டரிடம், காரணமில்லாமல் ஓடுகிறாள் என்று சொன்னேன்.

போன வெள்ளிக்கிழமை, உமக்குத் தாளைத் தபாலில் போட்டுவிட்டு, டொக்டரிடம் போய் இதெல்லாம் சொன்னேன். அவர் மாத்திரையைப் பாதியாக்கினார். வளர்ப்புத் தாய் அனுமதியையும் நானே திருப்பிக் கொடுக்கிறேன். உம்மிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நீர் தரமாட்டீர், தந்தாலும் எனக்கு வேண்டாம். இனி என்னை மச்சாள் என்று எழுதவேண்டாம்.

இன்று காலை அவள் என் கையைக் கடித்தாள். "என்னை அம்மாட்டை விடுங்கோ" என்று தெருவே கேட்கக் கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். நான் அடக்கவில்லை.

சிவனேஸ்வரி