தையற்கடை மாடியிலிருந்து லாண்டரி வரை

மார்ச் 3, ஞாயிறு

தெருவைச் சுற்றிக் காட்டும் என் வரலாற்று நடைக்கு இன்று பத்தொன்பது பேர். நல்ல வெயில். இரண்டு மணி நேரம், ஏழு நிறுத்தங்கள், தொண்டை கட்டிவிட்டது.

எட்டுப் பேர் தையற்கடை மாடியில் கூடித் தெருவைக் கூட்டிப் பெருக்கத்தான் தூய்மைச் சங்கம் ஆரம்பித்தார்கள் என்று நான் தொடங்கும்போது எல்லாரும் சிரிப்பார்கள். பெருக்கியவர்கள் பிறகு தெருவில் யார் இருக்கலாம் என்று பட்டியல் போட்டார்கள். பட்டியலில் இல்லாதவர்களின் கதவில் சுண்ணாம்புக் கோடு. கடைசியில் லாண்டரியை, உள்ளே பதினோரு பேரோடு கொளுத்தினார்கள். ஐம்பது வருஷமாகிறது. அந்த லாண்டரிதான் ஏழாவது நிறுத்தம். அன்று பெற்றோரைப் பறிகொடுத்த லாண்டரி அண்ணன் இஸ்திரி போட்டுக்கொண்டே ஐந்து நிமிஷம் பேசுவார். அத்தோடு நடை முடியும்.

ஆனால் எல்லாரும் மெச்சுவது மூன்றாவது நிறுத்தத்தை. வலது கையை உயர்த்தச் சொல்லி, சங்கத்தின் உறுதிமொழியை நான்கு வரி என் பின்னால் சொல்ல வைப்பேன். முடிந்ததும், "எப்படி இருந்தது?" என்று கேட்பேன். கூசிப்போய்க் கையை இறக்குவார்கள். நன்றாகத்தான் இருந்தது என்று யாராவது ஒருவர் ஒத்துக்கொள்வார். அவ்வளவு சுலபமாகத்தான் ஆரம்பித்தது என்பேன். என் சொந்த யோசனை இது. தலைகால் புரியாத பெருமை எனக்கு.

தம்பியும் வந்தான். வேலை போய் ஐந்து மாதமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறவனை எங்காவது கூட்டிப் போயேன் என்று அம்மா என் உயிரை எடுத்துவிட்டாள். முப்பத்து நான்கு வயது ஆள், அக்கா பின்னால் தலையைக் குனிந்துகொண்டு வந்தான்.

மார்ச் 10, ஞாயிறு

அவனாகவே கிளம்பி நின்றான்! ஒலிபெருக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டான். சாப்பாட்டு மேஜையில் என்னைப் போலவே பேசிக் காட்டினான். அம்மா வயிறு குலுங்கச் சிரித்தாள். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று.

கூட்டத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக நடப்பது எப்படி என்று கேட்டான். கூடத்தில் சொல்லிக்கொடுத்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது, ஒவ்வோர் அடிக்கும் முதலில் குதிகாலால் தரையைத் தொட்டுப் பார்க்க வேண்டும், படி இருந்தால் குதிகாலே சொல்லிவிடும். அரை மணியில் பிடித்துக்கொண்டான். கெட்டிக்காரன்.

மார்ச் 24, ஞாயிறு

நான்கு வாரமாக மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் வருகிறார். ஒரே நடைக்கு எதற்கு நான்கு முறை? லாண்டரிக்கு முன்னாலேயே கழன்றுகொள்கிறார். இன்று தம்பியும் அவரோடு போய்விட்டான். ஒலிபெருக்கியை நான் தூக்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்தவன், "லாண்டரிக்காரர் சொல்றது ஒரு பக்கம்தானே அக்கா? அந்த எட்டுப் பேருக்கும் வேலை இல்ல. அத நீ ஏன் அழுத்திச் சொல்றதில்ல?" என்றான்.

சொல்கிறேனே. இரண்டாவது நிறுத்தத்தில் சொல்கிறேன். அழுத்திச் சொல்வதில்லையா?

மார்ச் 25, திங்கள்

கேட்பது தப்பில்லை. சந்தேகம் கேட்கிறான், அவ்வளவுதான்.

ஏப்ரல் 4, வியாழன்

நடையை ஏற்பாடு செய்யும் அலுவலகத்தில் மேலாளர் கைபேசியை என் முன்னால் நீட்டினார். முப்பது விநாடி வீடியோ. என் குரல், உயர்ந்த கைகள், நான்கு வரி. "எப்படி இருந்தது?" என்று நான் கேட்பதற்கு முன்னால் வெட்டிவிட்டார்கள். கீழே, "நாம் இன்னும் இருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறது. லட்சம் பேருக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். விளக்கம் எழுதித் தரச் சொன்னார்.

என்ன விளக்கம்? கையை உயர்த்தச் சொன்னது நான்தானே.

இடது பக்கமிருந்து எடுத்திருக்கிறார்கள். ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலிருந்து. அங்கே நிற்பது யார் என்று எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் 5, வெள்ளி

கேட்டேன். தம்பி மறைக்கக்கூட இல்லை. "ஆமா, நான்தான் எடுத்தேன். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அன்னிக்கி கையத் தூக்கிச் சொன்னப்பத்தான் நானும் ஒரு ஆளுன்னு தோணுச்சு. அதக் கெடுக்கற மாதிரி உடனே ஒரு கேள்வி கேப்பியே நீ."

கத்தினேன். என்னென்ன கத்தினேனோ. அம்மா நடுவில் வந்து நின்றாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தக் கண்ணாடிக்காரர் வீட்டுக்காம்.

பாவி. நான் பாவி.

ஏப்ரல் 14, ஞாயிறு

உறுதிமொழியை நிறுத்திவிட்டேன். மூன்றாவது நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் தாங்களாகவே கையை உயர்த்திச் சொன்னார்கள். மனப்பாடமாகத் தெரிகிறது.

ஏப்ரல் 16, செவ்வாய்

பட்டப்பகலில், பன்னிரண்டு மணிக்கு, லாண்டரிக்குள் பெட்ரோல் பாட்டில். அண்ணன் எரிகிற துணிகளை வெறுங்கையால் இழுத்துப் போட்டிருக்கிறார். இடது கை வெந்துபோயிற்று. உயிருக்கு ஆபத்தில்லை.

மாலையில் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். எதிர்க்கடைக் கேமராவில் பதிந்ததைக் காட்டினார்கள். தலையில் ஹெல்மெட், முகம் தெரியவில்லை. வீசினவன் ஓடவில்லை. கடையைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து போகிறான். ஒவ்வோர் அடிக்கும் முதலில் குதிகால் தரையைத் தொட்டுப் பார்க்கிறது. நடைபாதை விளிம்பு வந்ததும் திரும்பிப் பார்க்காமலே இறங்குகிறான்.

நடைக்கு வருகிறவர்களில் யாராவதா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

தெரியலைங்க என்றேன்.

ஏப்ரல் 17, புதன்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள், "நீ பாக்கல. உனக்கு ஒண்ணும் தெரியாது. இருக்கறது ஒரே தம்பி" என்றாள்.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை என்று வாராவாரம் சொல்கிறேன். குரலை இறக்கி, நிறுத்தி நிதானமாக. அது எவ்வளவு எளிதாக வருகிறது எனக்கு!

ஏப்ரல் 18, வியாழன்

சொல்லிவிட்டேன். காவல் நிலையத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் லாண்டரி அண்ணனிடமும் நானே சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 19, வெள்ளி

பிடித்துவிட்டார்கள். அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

மே 20, திங்கள்

அம்மா என்னோடு பேசி ஒரு மாதம். சாப்பாடு எடுத்து மூடி வைக்கிறாள், முகம் பார்ப்பதில்லை. அவனைப் பார்க்க ஜெயிலுக்கு வாரம் தவறாமல் போகிறாள். என்னைப் பார்க்க அவன் வரமாட்டேன் என்கிறானாம். அதையும் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஜூன் 5, புதன்

இன்று நான் போனபோது பார்க்க வந்தான். இளைத்திருக்கிறான். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிட்டியாடா என்றேன். தலையாட்டினான். எழுந்து போகும்போது கேட்டான்.

"நடையில என்னைப் பத்தியும் சொல்லுவியா அக்கா?"

பயந்து கேட்டானா, ஆசைப்பட்டுக் கேட்டானா? வழி முழுக்க அந்தக் குரலையே திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை.

மாட்டேன்டா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

ஆறே பேர். இப்போதெல்லாம் லாண்டரியில் ஆரம்பிக்கிறேன். மற்ற நிறுத்தங்கள் அதற்குப் பிறகுதான். அண்ணன் கடையைத் திறந்துவிட்டார். இடது கையில் கட்டு, வலது கையால் இஸ்திரி. என்னைப் பார்த்ததும் எப்போதும் போலத் தலையசைத்தார். அது போதும் என்று இருந்தது.

கருகின சுவரைப் பார்த்து ஒரு அம்மா, இது அப்போது எரிந்ததா என்று கேட்டார். இல்லை, ஏப்ரலில் என்றேன். யார் செய்தது என்றார்.

அண்ணன் முந்திக்கொண்டார். "யாரோம்மா. விடுங்க."

"என் தம்பி" என்றேன்.

அண்ணன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஸ்டூலைக் காலால் என் பக்கம் நகர்த்திவிட்டார். உட்கார்ந்துகொண்டேன். பிறகு முதலிலிருந்து சொன்னேன்.