மூன்றாவது பொத்தான்

மார்ச் 4
விளையாட்டறையில் இருக்கும் என் நாற்காலியை எடுத்துவிடப் போகிறார்களாம். பதிலுக்குச் சுவரில் கேமரா. "பெரியவங்க உள்ள உக்காந்திருந்தா பிள்ளைங்க இயல்பா விளையாட மாட்டாங்க சார்" என்கிறாள் துறைத்தலைவி. என்னிடம் உதவியாளராகச் சேர்ந்தவள்! பட்டம் வாங்காமல், நானே படித்து, இத்தனை வருடம் அந்த நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து குழந்தைகளின் விளையாட்டை எழுதிவருகிறேன். எனக்கே பாடம்.

"நான் பீரோ மாதிரிம்மா, கட்டுரையிலயும் அப்படித்தான் எழுதறேன். ஒரு பிள்ளையும் என்னைக் கவனிக்காது. வேணும்னா படம் எடுத்துப் பாரு" என்று சவால் விட்டு வந்தேன்.

மார்ச் 5
மனைவியிடம் சொன்னேன். "வீட்லயும் பீரோ மாதிரிதான் உக்காந்திருக்கீங்க. நாங்க கவனிக்காமலா இருக்கோம்?"


மார்ச் 10
படம் எடுத்தார்கள். கட்டைகள் இருக்கும் மூலையைப் பார்த்துக் குறிப்பெழுதினேன். மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். நாலு வயதுச் சிறுமி ஒருத்தி, எல்லோரையும் அதட்டுவதால் நான் வைத்த பெயர் மேனேஜர், வந்து என் சட்டையில் தூசி தட்டிவிட்டுப் போனாள். நல்ல பிள்ளை. வேறு யாரும் சீண்டவில்லை. ஜெயித்தேன்.

மார்ச் 12
தூசி இல்லை. லிஃப்ட்!

துறைத்தலைவி படத்தை ஒலியோடு போட்டாள். மேனேஜர் என் மூன்றாவது பொத்தானை அமுக்கி, "மூணாவது மாடி" என்கிறாள். என் வலது பக்கத்தில் வரிசை நிற்கிறது. அந்தக் காதுதான் எனக்கு மந்தம். நான் பெருமூச்சு விட்டதும், "கதவு தொறந்துடுச்சு, ஏறு ஏறு" என்கிறான் ஒரு வாண்டு. துறைத்தலைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். "பீரோன்னீங்களே சார்!"

எத்தனை வருடமாக லிஃப்டாக இருக்கிறேனோ? போச்சு. நாற்காலி போச்சு.

மார்ச் 13
போகவில்லை. தலைவலி என்று சொல்லியனுப்பினேன். தலை நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 17
துறைத்தலைவி போன் செய்து வரச் சொன்னாள். நான் போகாத நாளின் படம். காலி நாற்காலி. மேனேஜர் அதன் முன்னால் கையை விரித்து நிற்கிறாள். "லிஃப்ட் ரிப்பேர். எல்லாரும் படியில போங்க." அந்த வாண்டு நாற்காலியைத் தடவிப் பார்த்து, "எப்ப சரியாகும்?"

இம்முறை துறைத்தலைவி சிரிக்கவில்லை. நான் விடுவேனா? "உன் கேமராவை எந்தப் பிள்ளையாவது தேடுச்சா? என்னை வச்சுக்கிட்டுதானே இயல்பா விளையாடியிருக்காங்க?"

"சரி சார், நாற்காலி இருக்கட்டும். ஆனா கட்டுரையில இனிமே பீரோன்னு எழுதாதீங்க."

யோசிக்கிறேன் என்றேன்.

மார்ச் 18
காலையில் மனைவி என் சட்டையை வாங்கி, மூன்றாவது பொத்தானை மட்டும் இறுக்கித் தைத்துக் கொடுத்தாள்.

மேலே, கீழே என்று ஒரே கூட்டம். பத்தாவது மாடிக்குப் பொத்தான் இல்லை என்று மேனேஜர் சத்தம் போட்டாள். மூக்கைக் காட்டினேன்.

குறிப்பெழுத நேரமே கிடைக்கவில்லை.