மூன்றாம் படுக்கைக்குப் பால் கொடுத்தது யார்?

அனுப்புநர்:
நகரப் பேருந்து நடத்துநர்,
(அவசரப் பிரிவு மூன்றாம் படுக்கைக் குழந்தையின் தாய்).

பெறுநர்:
உயர்திரு கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு குழந்தைகள் மருத்துவமனை.

பொருள்: பால் ஒவ்வாமைக்குச் சிகிச்சை பெற்ற என் மகளுக்குத் தங்கள் வார்டிலேயே பால் கொடுக்கப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தை விசாரிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல மனம் வராது. என் நான்கு வயது மகளுக்குப் பால் ஆகாது. சென்ற வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளை பாதி கடித்துக் கொடுத்த பிஸ்கட்டைத் தின்று, உதடு வீங்கி, மூச்சு இழுக்க, அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். விவரம் சொல்லி முடிப்பதற்குள் மருத்துவர் தொடையில் ஊசி போட்டார். போன உயிர் திரும்பி வந்தது.

2. கண்காணிப்பில் வைத்திருந்தபோது என்னை மருந்து வாங்கி வர அனுப்பினார்கள். ஒரு நோயாளிக்கு ஒருவர்தான் துணை என்பது விதியாம். ஆகவே பிள்ளை தனியே இருந்தாள். மருந்து வரிசையோ நகர்வேனா என்றது. திரும்பி வந்தால் அவளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, மறுபடி இழுப்பு. இரண்டாவது ஊசி போட்டார்கள். சில பிள்ளைகளுக்குத் தானாகவே இன்னொரு தடவை வரும் என்று மருத்துவர் விளக்கினார். வரலாம். படித்தவர் சொல்வதை மறுக்க நான் யார்? ஆனால் பிள்ளையை அணைத்தபோது அவள் வாயில் பால் வாசம் அடித்தது. மூன்று ஆண்டுகளாகப் பாலே நுழையாத வீடு எங்களுடையது. அந்த வாசம் எனக்குப் பத்தடி தள்ளியே தெரியும்.

3. இங்கே யாராவது வந்தார்களா என்று செவிலியரிடம் கேட்டேன், பார்க்கவில்லை என்றார். காவலாளியைக் கேட்டேன், செவிலியரைக் கேட்கச் சொன்னார். வார்டு ஆயாவிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டேன். அதற்கு அவர், 'நான் ஒண்ணும் பால் குடுக்கலையே' என்றார். ஐயா, பால் என்ற சொல்லை அதுவரை நான் யாரிடமும் எடுக்கவே இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான் இது. டிக்கெட் எடுக்காதவரை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும் தொழில் என்னுடையது. திருதிருவென முழிப்பது எனக்குத் தெரியாதா?

4. அன்றிலிருந்து எல்லோரும் மனப்பாடம் செய்ததுபோல 'தானா வந்தது' என்கிறார்கள். வார்டு மூலையிலுள்ள கேமராவைக் கேட்டால் பழுதாம். அதில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மகளைக் கேட்டால் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். சொல்லக் கூடாது என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

5. அந்த ஆயாவின் பிழைப்பைக் கெடுக்க நான் எழுதவில்லை. என் பிள்ளையின் வாந்தியை முகம் சுளிக்காமல் அள்ளியவர் அவர்தான். பசியில் அழுதிருப்பாள், மற்ற பிள்ளைகளுக்கு ஊற்றியதில் இவளுக்கும் ஒரு டம்ளர் ஊற்றியிருப்பார். இவளுக்குப் பால் ஆகாது என்று அவரிடம் யார் சொன்னார்கள்? தெரியாமல் செய்ததை மன்னித்துவிடுவேன். கூடிப் பேசி மறைப்பதைத்தான் வயிறு எரியப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

6. ஆகவே, கேமராப் பதிவு அழியுமுன் தாங்களே அதைப் பார்த்து, நடந்ததை நடந்தபடி எனக்குத் தெரிவிக்குமாறும், இத்தகைய குழந்தைகளின் படுக்கையில் எது ஆகாது என்று பெரிதாக எழுதித் தொங்கவிட உத்தரவிடுமாறும் வேண்டுகிறேன். எங்களுக்கு இந்த மருத்துவமனையை விட்டால் வேறு கதி இல்லை. நாளைக்கே அவளுக்கு மூச்சு இழுத்தாலும் தங்கள் வாசலுக்குத்தான் ஓடி வருவேன். அப்போது பிள்ளையைத் தங்கள் ஆட்களிடம் நீட்ட என் கை சற்றுத் தயங்கினாலும் அவள் செத்துப்போவாள். இன்றைய நிலையில் என் கை தயங்கும், ஐயா.

நாள்: மகள் வீடு திரும்பிய மறுநாள்
இடம்: பேருந்துப் பணிமனை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
குழந்தையின் தாய்