விசில் கேட்காத காது

என் செல்ல மச்சான் கோதண்டத்துக்கு,

மேலே சௌக்கியமா? அங்கேயும் ஆளை உற்று உற்றுப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாயா? உன் தங்கச்சி ராணி நலம். நானும் நலம், காதைத் தவிர. நான் மூணாங்கிளாஸோடு நின்றவன் என்பது உனக்குத் தெரியும். என் பெண் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப் பிழை பார்க்கிறாள். அதனால் இதில் கெட்ட வார்த்தை இருக்காது, பயப்படாமல் படி.

உன்மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது மச்சான். பல்லாவரம் மலைக் குவாரியில் நாம் ஒன்றாக வேலை செய்த காலம் முழுக்க, நீ என்னை வேவு பார்க்கிறாய் என்றே நினைத்திருந்தேன். பாறையில் துளை போடும் மிஷின் உன் கையில் இருக்கும், கண் என்மேல் இருக்கும். பீடி பற்ற வைத்தால் பார்ப்பாய். மூத்திரத்துக்கு ஒதுங்கினால்கூடப் பார்ப்பாய். சாயங்காலம் கடையில் ஒரு கிளாஸ் போட்டுவிட்டு ராஜகீழ்ப்பாக்கம் வந்து சேர்ந்தால், ராணி வாசலில் முறைத்துக்கொண்டு நிற்பாள். அண்ணன்காரன் சொல்லாமல் அவளுக்கு எப்படித் தெரியும்?

உன் செவிட்டையும் நான் நம்பவில்லை. ராணி கத்துவாள், "அண்ணா, திரும்பி வரசொல்ல அரிசி வாங்கினு வா!" நீ பாட்டுக்குப் போவாய். நான் என் தடித்த கட்டைக் குரலில், "இன்னா மச்சான், ஒரு கிளாஸ் உடலாமா?" என்று முணுமுணுத்தால் உடனே திரும்புவாய். சைக்கிள் மணி கேட்காது, கல் லாரி வந்தால் விலகுவாய். வேண்டியது மட்டும் விழுகிற காது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். நீயும் கூடச் சிரித்தாய். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரிந்துதான் சிரித்தாயா?

அந்தச் சாரைப்பாம்பு ஞாபகம் இருக்கிறதா? வெடிக்கு முன்னால் மேஸ்திரி விசில் ஊதுவார், எல்லோரும் பெரிய பாறைக்குப் பின்னால் ஓடிப் பதுங்க வேண்டும். அன்றைக்கு விசிலும் இல்லை, வெடியும் இல்லை. என் காலடியில் பாம்பு நெளிந்தது, நான் அலறாமல் ஓடினேன். திரும்பிப் பார்த்தால், நீ மிஷினைப் போட்டுவிட்டு அந்தப் பெரிய பாறைக்குப் பின்னால் தலையைப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்திருக்கிறாய்!

"இன்னா மச்சான், பாம்பு உன்னையுமா தொரத்திச்சு?" என்று கேட்டேன். மலையே சிரித்தது. நீ மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, "நீ ஓடுன, நானும் ஓடுனேன்" என்றாய். அதோடு சரி. என் சந்தேகம் உறுதியாகிவிட்டது. மூச்சு விடுவதைக்கூட இவன் பார்க்கிறான்!

பிறகு மஞ்சள் காமாலை வந்து நீ போய்விட்டாய். சந்தேகம் மட்டும் போகவில்லை.

இப்போது என் பெண் கூப்பிட்டால் நான் திரும்புவதில்லையாம். ராணி பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். காது டாக்டரம்மா என்னை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஏதோ மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டுமாம். எனக்குத் திக்கென்றது. செவிடு என்று எழுதிக் கொடுத்து வேலையை விட்டுத் தூக்க மேஸ்திரி செய்த ஏற்பாடோ? நானா சிக்குவேன்? டாக்டரம்மா விரல் மிஷினைத் தொடும்போதெல்லாம் பட்டனை அமுக்கினேன்.

"என்னங்க, என் கையையே பாத்துட்டு இருக்கீங்க? செவத்தைப் பாத்து உக்காருங்க."

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். ஒன்றுமே இல்லை. எப்போதோ ஒருமுறை, லாரி உறுமுவது போல ஒரு தடித்த சத்தம். அப்போதுதான் மச்சான், உன் கண் ஞாபகம் வந்தது. நான் அந்த அம்மா கையைப் பார்த்தேனே, நீ என்னைப் பார்த்தது அதே பார்வை இல்லையா?

வெளியே வந்ததும் டாக்டரம்மா மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் நத்தையை வைத்தார். காதுக்குள் இப்படி ஒரு நத்தை இருக்கிறதாம். "யாரு காதுல பூ சுத்தறே?" என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். உள்ளே தண்ணீராம். சுருளின் நீளத்துக்கும் ஒரு மெல்லிய விரிப்பாம். அதன்மேல் வரிசை வரிசையாகக் கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்கள், ஒவ்வொன்றின் தலையிலும் பொடி மயிர். சத்தம் வந்தால் தண்ணீர் ஆடும், விரிப்பு ஆடும், மேலே கூரை மாதிரி இருக்கும் ஒரு சவ்வில் உரசி மயிர் சாயும். சாய்ந்தால்தான் நரம்பு வழியே மூளைக்குச் சேதி போகும்.

"காதுக்கு வெளிய இம்மாம் மயிர் கீதே, அத்த உள்ள நட முடியாதா?" என்றேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "உள்ள போனது போனதுதான், திரும்ப மொளைக்காது."

அப்புறம் சொன்னதுதான் எனக்குப் பளிச்சென்று விளங்கியது. நம் கிரஷரில் சுற்றும் சல்லடை இருக்கிறதே, பொடி முதலில் விழும், பெரிய ஜல்லி கடைசி வரைக்கும் உருண்டு போகும். நத்தையும் அப்படித்தானாம். கீச்சுச் சத்தமெல்லாம் வாசலிலேயே, தடித்த சத்தம் சுருளின் கடைசியில். மிஷின் இரைச்சலும் வெடியும் முதலில் தின்பது வாசல் பக்கத்து மயிரைத்தான். விசில், சைக்கிள் மணி, பெண்பிள்ளைக் குரல், எல்லாம் போய்விடும். லாரியும் என் கட்டைக் குரலும் மிஞ்சும்.

அப்படியானால் உனக்கு விசில் கேட்டதே இல்லையா மச்சான்? நான் ஓடுவதைப் பார்த்துத்தான் அத்தனை வெடிக்கும் ஓடினாயா? ஒரு நாள் நான் லீவு போட்டிருந்தால்? செவிடனுக்கு மலையில் வேலை இல்லை என்று பயந்துதான் வாயைத் திறக்கவில்லையா?

ராணியிடம் சொன்னேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே திட்டினாள். "யோவ், எங்கண்ணன் உன்னப் பத்தி ஒரு வார்த்த சொன்னதில்ல. உன் வாய் நாத்தம் தெருமுனைலயே சொல்லிடுமே!"

மறுநாள் மலையேறினால் இன்னொரு கூத்து. பக்கத்தில் வேலை செய்யும் துலுக்காணம் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் அவனைப் பார்க்கிறேன். அவன் என்னை நம்பி, நான் அவனை நம்பி. நடுவில் விசிலை யார் கேட்பது? அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேஸ்திரியிடம் போனேன்.

"இவனுக்கும் விசில் கேக்கல, எனக்கும் கேக்கல. காலி தார் பீப்பாய மாட்டி அடி. தடிச்ச சத்தம்னா கேக்கும்."

"இன்னாடா ஏகாம்பரம், மலைல திருவிழாவா? வேலை செய்யாம இருக்க இது ஒரு டிராமாவா?"

"எங்க முதுகுக்குப் பின்னால ஊதிப் பாரு. டிராமாவா இல்லையான்னு நீயே சொல்லு."

ஊதினாராம். நாங்கள் இருவரும் மரம் மாதிரி நின்றோமாம். முன்னால் வந்தபோது மேஸ்திரி முகம் வெளுத்திருந்தது.

பீப்பாய் மாட்டியாகிவிட்டது. முதல் வெடிக்கு நான் யார் முகத்தையும் பார்க்காமல் மலையைப் பார்த்து நின்றேன். தொம் என்றது. காதில் பாதி, நெஞ்சில் பாதி. ஓடினேன். எனக்கு முன்னால் துலுக்காணம் ஓடிக்கொண்டிருந்தான்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்தப் பீப்பாயை எவனாவது கழற்றிவிட்டு மறுபடி விசிலை எடுத்தால், துலுக்காணத்தையும் கூட்டிக்கொண்டு அன்றைக்கே மலையிறங்கிவிடுவேன். நான் அங்கே வந்து சேரும்போது உன் எதிரில் உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து, என் தடித்த குரலில்தான் பேசுவேன். நீ என்னை எவ்வளவு வேண்டுமானாலும் பார்த்துக்கொள்.

உன் கண் பார்த்த திசையிலெல்லாம் நின்ற,
உன் தங்கச்சி புருஷன்
ஏகாம்பரம்