டாக்டர் உன்னைத் தாண்டிப் போகிறார்

பிரியமுள்ள என் அண்ணே,

படம் வந்துவிட்டது. நீ போன ஏழாவது மாதத்தில்.

நம் தேயிலைத் தோட்டத்தில் ஜப்பான்காரன் காலத்துச் சண்டைப் படம் எடுத்தார்களே, அதுதான். ஒரு ராணுவ டாக்டரின் வீரக் கதை. காயம்பட்டவர்களாகப் படுப்பதற்கு லயத்து வீடுகளிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டார்கள். சிவப்புச் சாயம் பூசிய கட்டோடு நீ வீட்டுக்குச் சாப்பிட வந்தாய். அம்மா பதறினாள். "டாக்டர் என்னைக் காப்பாத்திடுவாரும்மா, கதையே அதான்லா" என்று சிரித்தாய்.

நேற்று மதியம் மண்டபத்தில் திரை கட்டிப் போட்டார்கள். அம்மா முதல் வரிசையில். நான் பக்கத்தில். பல்கலைக்கழகத்தில் சினிமா பற்றிக் கட்டுரை எழுதுகிறவள் நான். நேற்று நோட்டுகூட எடுத்துப் போகவில்லை.

பாதிப் படத்தில் நீ வந்தாய். "டேய், நம்ம மூர்த்திடா!" விசில். டாக்டர் மண்டியிட்டு உன் மணிக்கட்டைப் பிடித்தார். கொஞ்ச நேரம். பிறகு கையைக் கீழே வைத்தார். துணியால் உன் முகத்தை மூடினார். அடுத்த ஆளிடம் போனார்.

உனக்குக் கதையைத் தவறாகச் சொல்லியிருந்தார்களா? இல்லை, அம்மாவுக்காக நீயே மாற்றினாயா?

துணிக்குக் கீழே உன் வயிறு ஏறி இறங்கியது. பின்னாலிருந்து உன் கூட்டாளி குமார் கத்தினான்: "பாருலா, பொணமாக்கூட ஒழுங்கா படுக்கத் தெரியல இவனுக்கு! மூச்சு விடுறான்!" மண்டபமே சிரித்தது. குமார் அழுதுகொண்டேதான் சிரித்தான்.

அம்மா எழுந்து நின்றாள்.

"உசுரு இருக்கே. சரியாப் பாக்காமப் போறாரே."

திரையிடம் சொன்னாள். சிரிப்பு நின்றது. படம் நிற்கவில்லை. டாக்டர் வேறு யாரையோ காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது என்னைக் கேட்டாள்: "அன்னிக்கு வேன்ல நீதானடி இருந்த. நல்லாப் பாத்தியா?"

"பாத்தேம்மா."

பார்த்தேனா?

அன்று சனிக்கிழமை, பள்ளி விடுமுறை வேறு. பிரிஞ்சாங் டவுனிலிருந்து தானா ராத்தா ஆஸ்பத்திரிவரை சுற்றுலா வந்தவர்களின் கார்கள் அசையவே இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் மேல் சாய்ந்திருந்தாய். பக்கத்துக் காரில் ஸ்ட்ராபெரி தின்றுகொண்டிருந்த ஒரு குடும்பம் நம்மைப் பார்த்தது. திடீரென்று நீ கனத்துப் போனாய். மணிக்கட்டைப் பிடித்தேன். எங்கே பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் துடிக்கவில்லை.

"போயிட்டான் மாமா. திருப்புங்க."

வேன் ஓட்டிய மாரிமுத்து மாமா கண்ணாடி வழியே பார்த்தார். "நல்லாப் பாரு பாப்பா. இன்னும் கொஞ்ச தூரந்தான். ஹார்ன் அடிச்சிக்கிட்டே போயிடலாம்."

"வேணாம். திருப்புங்க மாமா."

ஆஸ்பத்திரியில் உன்னை அறுப்பார்கள், அம்மா கையில் உடனே தரமாட்டார்கள். அதைத்தான் நினைத்தேன், அண்ணே. அதை மட்டும்தான். திரும்பும் பாதை காலியாகக் கிடந்தது.

தோட்டத்து மருந்தகத்தில் டாக்டருக்குப் பதிலாக இருக்கும் டிரஸ்ஸர் வீட்டுக்கு வந்து உன்னைத் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தபோது, நான் உன் கையை விட்டு நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அவருக்கு அந்தத் தொடுதல் போதுமாக இருந்தது. எல்லோருக்கும் போதுமாக இருந்தது.

அந்த நாற்பது நிமிடமும் நீ எங்கே இருந்தாய்?

உன் கொழுந்து வெட்டும் மெஷினை இப்போது ஒரு நேப்பாளக்காரர் பிடிக்கிறார். மலை அப்படியே பச்சையாக இருக்கிறது. பார்க்கப் பிடிக்கவில்லை.

நீ பாதி வழியில் போய்விட்டாய் என்று மட்டும்தான் அம்மாவுக்குத் தெரியும். போகலாம் என்று மாமா சொன்னது தெரியாது. மாமா இதுவரை வாய் திறக்கவில்லை. என்னைப் பார்த்தால் வேறு பக்கம் நடந்துவிடுகிறார்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவாய். அது எனக்கு உதவாது.

அம்மா அடுப்படியில் இருக்கிறாள். நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. இதை முடித்ததும் எழுந்து போய்ச் சொல்லிவிடுகிறேன்: மாமா போகலாம் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னை மகள் என்று கூப்பிடாமல் போகலாம். இருந்தாலும் சொல்வேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் கையை அவசரமாக விட்ட
தங்கை